ஊதினால்தான் கார் நகரும்

காலை ஏழே முக்காலுக்கு என் காருக்கு நான் வாயை ஊதிக் காட்ட வேண்டும். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். ஸ்டீரிங்குக்குக் கீழே சுருள் வயரில் ஒரு கறுப்புப் பெட்டி தொங்குகிறது. அதன் குழாயை வாயில் வைத்து, 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே ஒரே மூச்சாக நாலைந்து விநாடி ஊத வேண்டும். மூச்சில் சாராயம் இல்லை என்று அதற்குத் திருப்தியானால் பச்சை விளக்கு எரியும். அதற்கப்புறம் சாவியைத் திருப்பினால்தான் எஞ்சின் கிளம்பும். சாராயம் இருந்தால் நான் தலைகீழாக நின்றாலும் கார் நகராது. கிளம்பிய பிறகாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் 'பீப் பீப்' என்று கத்தி, இன்னொரு தடவை ஊது என்னும். நெற்றியில் பொட்டும் தலையில் எண்ணெயுமாக, மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிற ஒருத்தி சிக்னலில் நின்று குழாய் ஊதுவதைப் பக்கத்துக் கார்க்காரர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அந்தக் கண்றாவியை ஏன் கேட்கிறீர்கள்.

குடித்தது நான் இல்லை, என் கணவர் சேகர். ஆபீஸ் பார்ட்டி முடிந்து வரும்போது விளக்குக் கம்பத்தில் மோதினார். நல்ல வேளை, கம்பத்தைத் தவிர யாருக்கும் அடி இல்லை. கலிபோர்னியாவில் இப்போது இப்படி ஒரு சட்டம் இருக்கிறது: குடித்துவிட்டு ஓட்டி மாட்டினவன் காரில் இந்தப் பெட்டியைப் பொருத்தச் சொல்லி நீதிபதி உத்தரவு போடலாம். எங்களுக்குப் போட்டார். எங்களிடம் இருப்பது ஒரே கார். குடித்தவன் யார், கோவிலுக்கு நோன்பு இருப்பவள் யார் என்று பெட்டிக்குத் தெரியாது. உட்கார்கிறவர் ஊதியாக வேண்டும். முதல் வாரம் மவுத்வாஷ் கொப்பளித்த வாயோடு ஊதிவிட்டேன், அதிலும் ஆல்கஹால் இருக்கிறதாம், பூட்டிக்கொண்டது. மாதா மாதம் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனால் அந்தப் பெட்டி எழுதி வைத்திருப்பதையெல்லாம் படித்துக் கோர்ட்டுக்கு அனுப்புவார்கள். அவருக்குப் பதிலாக வேறு யாராவது ஊதிக் கொடுத்தால், ஊதினவருக்கும் தண்டனை. சேகர் இன்னொரு தடவை மாட்டினால் ஜெயில், வேலை போகும், வேலையோடு விசாவும் போகும். பெட்டி வந்த நாளிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பால் வைத்தால்கூட நின்றுகொண்டே இருக்கிறேன்.

பக்கத்து வீட்டு டோரத்தி ஒருநாள் ஜன்னல் வழியாக நான் ஊதுவதைப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் ஒரு கேக்கும் ஒரு துண்டுக் காகிதமும் கொண்டு வந்து கதவைத் தட்டினாள். "நான் குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. உன்னாலும் முடியும்" என்று கட்டிப் பிடித்துக்கொண்டாள். காகிதத்தில் குடியை விட்டவர்கள் கூடும் இடத்தின் விலாசம். குடித்தது என் புருஷன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "தாங்க்ஸ்" என்றேன். பாவம், அவள் கண் கலங்கிப் போனாள். ஒரு அமெரிக்காக்காரியிடம் குடிகாரி என்று பேர் வாங்கினாலும் வாங்குவேன், புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று இருந்த என்னை நினைத்து அன்று ராத்திரிச் சமையல் முழுக்க எனக்கே எரிச்சல்.

எரிச்சலுக்கு வேறு காரணமும் உண்டு. இந்த வேலையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வயதில், பட்டாபிராமில், எங்கள் வீட்டில் அந்தக் கறுப்புப் பெட்டி நான்தான்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலைக்கு பஸ் ஓட்டினார். அவருடைய அப்பா திருநின்றவூர்ப் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்; வம்சத்திலேயே முதல் காக்கிச் சட்டை அப்பாவுடையது. பஸ்ஸை எங்கள் தெருமுனையில்தான் நிறுத்துவார். இரண்டாவது ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு மணிக்குக் கிளம்பி, ஆவடி, திருமுல்லைவாயல் என்று நின்று நின்று போக வேண்டும். அவருக்கு மிலிட்டரியில் ஒரு சிநேகிதர் இருந்தார், கேன்டீன் ரம் தாராளமாகக் கிடைத்தது. கம்பெனியில் ஒரு தடவை எச்சரித்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து பஸ் சாவியை அம்மா பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டுவிடுவாள். மத்தியானம் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றால், "எங்க, ஊது பாக்கலாம்" என்பாள். அவர் குனிந்து அவள் முகத்துக்கு நேரே ஊதுவார். வாசனை இல்லாவிட்டால் சாவி. இருந்தால் டின்னை மூடிவிடுவாள். அன்றைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல் என்று கம்பெனிக்குச் சொல்லி அனுப்புவோம், வேறு டிரைவர் வந்து பஸ்ஸை எடுப்பார். இரண்டு மூன்று தடவை அப்படி ஆன பிறகு அம்மா கேட்கிற நாட்களில் வாசனை வருவதே நின்றுபோனது.

அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி தைக்கப் போக ஆரம்பித்ததும், லீவு நாட்களில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. "வாசன வந்தா குடுக்காத. அப்பன்னு பாக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறுவாள். முழுப்பரீட்சை லீவில் ஒருநாள் அப்பா வந்து என் முன்னால் உட்கார்ந்தார். என் உயரத்துக்கு வர அவர் உட்கார வேண்டும். ஊதினார். ரம் வாசனை குப்பென்று அடித்தது. லவங்கம் மென்றிருந்தார், அதையும் மீறி அடித்தது. "இன்னா நைனா, வாசன கீதா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருக்க மாட்டேன். சிரித்துக்கொண்டு கேட்டார். என்னை 'நைனா' என்று பையன் மாதிரி கூப்பிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. "இல்லப்பா" என்றேன். அரிசிக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த பஸ் ஏகாம்பரம் அண்ணன் சைக்கிளில் மோதியது. எங்கள் தெருக்காரர்தான். ரேஷன் கடையில் எடை போடுகிறவர், சாப்பாட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்தார். வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரே வாயாக, "சைக்கிள்தான் குறுக்கே வந்துச்சு" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அப்பா அவர்களுடைய ஆள், அவ்வளவுதான். போலீஸ்காரர் வந்து "ஊதுய்யா" என்று கேட்பதற்குள் யாரோ வெற்றிலையும் எலுமிச்சம்பழத்தையும் அப்பா வாயில் திணித்துவிட்டார்கள். அந்த ஊரில் அப்போது சட்டத்தின் மூக்கு ஒரு கான்ஸ்டபிள் முகத்தில்தான் இருந்தது. அதற்கு ஜலதோஷம் பிடிக்கும், இரக்கம்கூட வரும். அப்பா மேல் கேஸ் நிற்கவில்லை. ஸ்டீரிங்கை அவராகவே விட்டுவிட்டு அதே கம்பெனியில் கேட் வாட்ச்மேன் ஆனார். குடியை விடவில்லை. என்னை யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏகாம்பரம் அண்ணன் பிறகு எங்கள் தெருமுனையில் பெட்டிக்கடை வைத்தார். நான் அமெரிக்கா கிளம்பும்போது கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து, "நல்லபடியா போய்ட்டு வா கண்ணு" என்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துத் தலையாட்டினேன்.

சேகருக்கு இந்தக் கதை தெரியாது. அம்பத்தூர்க்காரர், இன்ஜினியர் வீட்டுப் பையன். எங்கப்பா கம்பெனியில் வேலை பார்த்தார் என்ற அளவுக்குத்தான் தெரியும். காரில் தொங்கும் பெட்டியைத் தமிழ்க் குடும்பங்களிடம் திருட்டு அலாரம் என்று அவர் சொல்லி வைத்தார். நானும் ஆமாம் சாமி போட்டேன். யார் வீட்டுக்குப் போனாலும் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்துவோம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை முரளி வீட்டில் கிரகப்பிரவேசச் சாப்பாடு. முரளி சேகரின் ஆபீஸ் நண்பர், அவர் மனைவி வசந்தி எனக்கு இங்கே கிடைத்த ஒரே தோழி. வழக்கம்போல ஆம்பளைகள் எல்லாம் கராஜில் பீரோடு கூடிவிட்டார்கள். சேகர் எடுத்தாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்றுதான் சமையலறையிலேயே நின்றேன். மூன்று மணிக்குக் கிளம்பினோம். நம் ஆட்களைத் தெரியுமே, வாசலோடு விடுவார்களா? "இருங்க, கார்வரைக்கும் வர்றோம்." "ஐயோ வேண்டாம், தூரம்." "அதனாலென்ன, சாப்பிட்டது செரிக்கும்." ஐஸ்கிரீம் டப்பாவில் சாம்பார், இன்னொன்றில் பாயசம், தாம்பூலப் பை எல்லாம் தூக்கிக்கொண்டு முரளி, வசந்தி, இன்னும் இரண்டு பேர் எங்களோடு நடந்தே வந்துவிட்டார்கள். கார் கிளம்பிக் கண் மறைகிறவரை நின்று கையாட்டாமல் போனால் அவர்களுக்கு மரியாதை இல்லை. அந்த மரியாதைக்கு நடுவில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

சேகர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில், மகள் திவ்யா பின்னால். அவர் வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. எனக்கு மூக்குத் தேர்ச்சி உண்டே.

"கீழ என்னமோ விழுந்த மாதிரி குனிஞ்சு ஊதிடு," என்றார் உதட்டை அசைக்காமல். "ஒரே ஒரு பீர்தான். ரெண்டு செகண்ட்."

"நான் ஓட்டறேன்."

"எல்லாரும் பாக்கறாங்க. நீ எறங்கி வந்து ஓட்டினா என்னன்னு கேப்பாங்க. என் மானம் போயிடும், ப்ளீஸ்."

அவரும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார், வெளியே நிற்கிறவர்களுக்குத் தெரியக்கூடாதே என்று. ஜன்னல் பக்கம் குனிந்து, "என்ன சேகர், ஸ்டார்ட் ஆகலையா? தள்ளணுமா?" என்று முரளி கேட்டார். என் கை குழாயை எடுத்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எடுத்துவிட்டேன். அப்போது பின் சீட்டில் திவ்யா முன்னால் நகர்ந்து வந்து, "அம்மா, அப்பாதானே ஊதணும்?" என்றாள். ஏழு வயது. நாளைக்கு நான் வீட்டில் இல்லாத ஒருநாள் அவளிடமும் இவர் இப்படிச் சிரித்துக்கொண்டு கேட்பார். அவளும் கொடுப்பாள்.

இறங்கினேன். காரைச் சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். "எறங்குங்க" என்றேன். அவர் அசையவில்லை. முரளியைப் பார்த்துச் சொன்னேன்: "அண்ணா, இது திருட்டு அலாரம் இல்ல. குடிச்சிட்டு ஓட்டினதுக்குக் கோர்ட்ல மாட்டி விட்டது. இப்பவும் குடிச்சிருக்கார். நான் ஓட்டிட்டுப் போறேன்." வசந்தி சாம்பார் டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். சேகர் இறங்கி, யாரையும் பார்க்காமல் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். நாலு பேர் பார்க்க நான் குழாயை எடுத்து முனகிக்கொண்டே ஊதினேன். என் மூச்சு நடுங்கியதில் முதல் தடவை அதற்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை பச்சை எரிந்தது.

வாரம் முழுக்க சேகர் என்னோடு பேசவில்லை. வசந்தி போன் செய்தாள். "நீ ஓட்டினது சரிடீ. அதைச் சொல்லியிருக்க வேண்டாம். வயித்து வலின்னு சொல்லி எறக்கியிருக்கலாமே" என்றாள். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினோம், ஒரு கால் போனது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? டோரத்தியிடம் சொன்னால், இதைச் சொல்வதற்கு எதற்கு இவ்வளவு தைரியம் என்று கேட்பாள். இவளுக்கும் புரியாது, அவளுக்கும் புரியாது. வீட்டுக்குள் நடந்து நடந்து கால் வலித்தது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், அங்கே ஞாயிறு காலை. முன்பே கடிதத்தில் சொல்லி வைத்த நேரத்துக்கு அப்பா பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் வந்து காத்திருந்தார். கடல் தாண்டிப் போகிற பேச்சு இரண்டு விநாடி கழித்து எதிரொலியாக என் காதுக்கே திரும்பி வரும்.

"இன்னாம்மா, நல்லா கீறியா? மாப்ள, கொயந்த எல்லாம் சௌக்கியமா?"

"அப்பா," என்றேன், "அன்னிக்கி வாசன வந்துச்சுப்பா. தெரிஞ்சேதான் சாவியக் குடுத்தேன்."

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. பூத்துக்கு வெளியே ஏதோ ரயில் போகிற சத்தம் கேட்டது.

"தெரியும்மா" என்றார். "உங்கம்மா ஊட்ல கீற அன்னிக்கு நான் தொடவே மாட்டேன். நீ கீற அன்னிக்குத்தான் குடிப்பேன்."

இத்தனை வருஷம் அது என்னுடைய ஒரு நாள் பொய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் சேகர் வந்து நின்று என் முகத்தையே பார்த்தார். அங்கே அவர் காத்திருந்தார், இங்கே இவர் காத்திருந்தார். ரிசீவரில் மூச்சு மட்டும் கேட்டது. என் மூச்சு பட்டாபிராம் வரை போய்த் திரும்பி வருகிறதா, இல்லை அப்பாவுடையதுதானா, பிரித்துச் சொல்லத் தெரியாமல் அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.