பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

என் அக்கா ஒரு தையல் கடையில் இருபத்திரண்டு வருஷம் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்தவள். கடையை மூடியதும் சும்மா உட்காரத் தெரியாமல் வீட்டுக்குள்ளேயே ஒரு ஸ்டூடியோ போட்டாள். ஸ்டூடியோ என்றதும் வாயைப் பிளக்க வேண்டாம். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டிதான். இரண்டு பக்கமும் ஜன்னல் வெட்டி டிரேசிங் பேப்பர் ஒட்டி, வெளியே பக்கத்துக்கு ஒரு மேஜை விளக்கு. உள்ளே வெள்ளை சார்ட்டை மடிப்பு விழாமல் வளைத்துவிட்டால் பெட்டியின் மூலையே தெரியாது. பொத்தான் வியாபாரி ஒருவர் கொடுத்துவிடும் பொத்தான்களை நடுவில் நிறுத்தி, போனில் படம் பிடித்து அவருக்கு அனுப்புவாள். அதில் இறங்கிவிட்டால் கூடப் பிறந்தவள் கூப்பிட்டாலும் காதில் விழாது.

போன வாரம் நான் போனபோது பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தாள். சார்ட்டை மூன்று தடவை மாற்றியாயிற்றாம்.

"படத்துல ஒரு கறுப்புப் புள்ளி விழுதுடி. தூசியா, லென்ஸா, ஒண்ணும் புரியல. நீ பாரு."

வாங்கிப் பார்த்தேன். நீலப் பொத்தான், நாலு ஓட்டை, சுற்றிலும் பளிச்சென்று வெள்ளை. புள்ளி இல்லை.

எங்கள் அம்மாவுக்கும் முதலில் ஒரு புள்ளிதான். ஊசி கோக்கும்போது தெரிகிறது என்றாள். கண்ணாடியை மாற்று என்றோம். ஒரு வருஷம் கழித்துக் கூட்டிப்போனபோது, முன்னாலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். கடைசி ஆறு வருஷம் எங்கள் முகத்தைத் தடவிப் பார்த்துத்தான் யார் என்று சொன்னாள். புள்ளி வந்தபோது அம்மாவுக்கு ஐம்பத்தொன்று. அக்காவுக்கு இப்போது ஐம்பது.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது ஞாபகம் இல்லாமலா இருக்கும்?

"ஆமாக்கா, இருக்கு," என்றேன். "லென்ஸ்ல தூசி."

"அப்பாடா! நான் என்னென்னவோ நெனச்சு பயந்து செத்தேன்டி!"

அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்தபிறகு சொன்னதைத் திரும்ப வாங்க எனக்குத் துணிச்சல் இல்லை. பஞ்சால் லென்ஸைத் துடைத்தாள். பெட்டியை ஒட்டினாள். பொத்தானுக்குப் பின்னால் துளி பசை வைத்து நிமிர்த்தி, விளக்கைப் போட்டாள். இந்தப் படத்தை அவள் பார்க்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

படம் பிடித்தாள். பார்த்தாள். போனை வைத்துவிட்டு, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தாள். பிறகு இடது கண்ணைப் பொத்தினாள்.

"சுவத்துலயும் இருக்கு. அதுவும் உனக்குத் தெரியுதா?"

இன்னொரு பொய்க்கு வாய் வரவில்லை. "படத்துலயே தெரியலக்கா," என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவள் திட்டவில்லை. இரண்டு விளக்கையும் அணைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். நெற்றி, மூக்கு, மோவாய் என்று என் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தொடவில்லை, பார்க்க மட்டும் செய்தாள்.

"கண்ணைத் தொடச்சுட்டு வாடி," என்றாள். "கண் ஆஸ்பத்திரிய ஒரு மணிக்கு மூடிடுவாங்க."