பித்தளை டம்ளர் இல்லாத பக்கம்

எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. தொண்ணூறுகளின் நடுவில், ஆபீஸ் முடிந்து உக்கடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில் பழைய புத்தகக் கடைகளை ஒரு சுற்று சுற்றிவிடுவேன். அப்படித்தான் ஒரு சாயங்காலம் அந்தக் கதைப் புத்தகம் கண்ணில் பட்டது. அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. விலைகூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கோபிப் பக்கத்துக் கிராமத்தில் நான் நாலாவது படித்தபோது, எங்கள் டீச்சர் கடைசி பீரியடில் இதைத்தான் உரக்கப் படிப்பார். கதையில் என்னைப் போலவே பண்ணையத்து வேலைக்காரர் வீட்டுப் பையன் ஒருவன். கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியை அவன் மேலே தூக்கி வந்ததும், தோட்டத்துக்காரர் வீட்டம்மா அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பித்தளை டம்ளரில் மோர் கொடுப்பார். அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். டீச்சரும் படித்தார்.

பஸ்ஸில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் தேடினேன். தூக்கிவாரிப் போட்டது. அச்சில் பையன் வாசலிலேயே நிற்கிறான். கொட்டாங்குச்சியில் மோர் ஊற்றுகிறார்கள். டம்ளர் என்ற பேச்சே இல்லை.

டீச்சர் ஏதோ மாற்றிப் படித்துவிட்டார், போகட்டும் என்று என்னால் விட முடியவில்லை. அவர் படித்ததை நம்பி நான் ஒரு காரியம் செய்திருந்தேன். டீச்சர் படித்த அதே வாரம் அப்பா வேலை செய்த தோட்டத்துக்குப் போனேன். அங்கே எங்களுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் குனிந்து கையைக் குவிக்க வேண்டும், மேலிருந்து ஊற்றுவார்கள். அன்று நான் குனியவில்லை. வாசற்படி ஏறி உள்ளே போய், அங்கிருந்த டம்ளரை எடுத்து நானே மொண்டு குடித்தேன்.

அந்தத் தோட்டத்து வீட்டம்மா கத்தவில்லை. "உன்ற பையனுக்குப் படிப்பு ஏறிப்போச்சாட்ட இருக்குது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, டம்ளரைக் குப்பைக்குழியில் வீசினார். அப்பா அவர் கண்ணெதிரிலேயே என்னை அடித்தார். வாழ்நாளில் அவர் என்னை அடித்தது அந்த ஒரு தரம்தான்.

புத்தகம் வாங்கியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதை எடுத்துக்கொண்டு டீச்சர் குடியிருந்த கொடுமுடிக்குப் போனேன். வழியெல்லாம் இருப்புக்கொள்ளவில்லை. ஏன் பொய் படித்தீர்கள் என்று கேட்டே தீருவது என்றிருந்தேன். டீச்சருக்குக் கண் ஆபரேஷன் நடந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. டியூஷன் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டே, டம்ளர் விஷயம் முழுவதையும் கொட்டிவிட்டேன்.

டீச்சர் என் கையிலிருந்த புத்தகத்தின் அட்டையைத் தடவிப் பார்த்தார்.

"உங்க மூஞ்சிகளைப் பாத்துக்கிட்டு என்னால அதைப் படிக்க முடியலை, கண்ணு. அது உன்ற அப்பன் தலையில போய் விடியும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

இதைக் கேட்டால் மனசு ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. கோபம் இன்னும் கூடியது.

"இப்பப் படிக்கட்டுங்களா? உள்ளது உள்ளபடி?"

"படி. இந்தப் பிள்ளைகளும் கேக்கட்டும்."

படித்தேன். வாசல் வந்தது, கொட்டாங்குச்சி வந்தது. ஒரு வார்த்தையும் விடாமல், வேண்டுமென்றே அழுத்தி அழுத்திப் படித்தேன். படித்துவிட்டு டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. முன்வரிசையில், எட்டு வயதிருக்கும், ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

"எங்கூர் டீக்கடையில எங்கய்யனுக்கும் தனி கிளாசுதானுங்க," என்றாள். "கன்னுக்குட்டி பொழச்சுதுங்களா? மேல படிங்க."