மகளின் மூச்சை எண்ணிய வாரம்

மகள் முப்பத்திரண்டாவது வாரத்தில் பிறந்தாள். எடை ஒரு கிலோ அறுநூறு கிராம். முதல் ஆறு நாள் வென்டிலேட்டர். அம்பத்தூரில் ஒரு மருத்துவமனையில் ஐந்து வாரம் இருந்துவிட்டு, திருமுல்லைவாயிலில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டுக்கு அவள் வந்தபோது இரண்டு கிலோவைத் தொட்டிருந்தாள். கிளம்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். கை கழுவாமல் தொடக் கூடாது, சளி உள்ளவர்கள் பக்கத்தில் வரக் கூடாது, வீட்டில் கூட்டம் சேரக் கூடாது, மூச்சு நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டினால் உடனே வர வேண்டும். அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியது நான்தான்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மாலை, அதே ஃபிரிட்ஜுக்கு முன்னால் இருபத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் சபையில் ஒருவர் ஆபத்திலிருந்து மீண்டு வந்தால் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பது வழக்கம். பாட்டு, ஜெபம், பிறகு கேசரியும் வடையும். குழந்தை பிழைத்ததற்கு நன்றி சொல்லும் கூட்டத்தில் குழந்தையை உள்ளறையில் வைத்துப் பூட்ட முடியுமா? ஒவ்வொருவரும் மடியில் வாங்கி, நெற்றியில் கை வைத்து ஜெபித்து, முத்தம் கொடுத்துப் பக்கத்து மடிக்கு நகர்த்தினார்கள். தாளில் இருந்த ‘கூட்டம்’ என்ற சொல்லில் சபை மக்களும் அடங்குவார்கள் என்று எனக்கும் மனைவிக்கும் தோன்றவே இல்லை. ஐந்து வாரமும் முறைவைத்து எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் அவர்கள். அவர்களைப் போய் யார் கூட்டம் என்று நினைப்பார்கள்?

என் மனைவியின் அக்கா சென்னீர்குப்பத்திலிருந்து முந்தின நாளே சமையலுக்கு வந்துவிட்டார். வடைக்கு அரைக்கும்போது இரண்டு முறை தும்மினார். நான் திரும்பிப் பார்த்தேன்.

"சளியெல்லாம் இல்ல தம்பி. நேத்து தலைக்குக் குளிச்சேன், அதான்" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. வெள்ளிக்கிழமை பாலாடைச் சங்கில் கொடுத்த பாலில் பாதி மிஞ்சியது. சனிக்கிழமை காலை அவள் மூச்சு அறை வாசலிலேயே எனக்குக் கேட்டது. அதுவரை பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும்.

நான் நோட்டை எடுத்தேன். ஒரு நாளிதழில் பதினெட்டு வருடம் செய்தியாளனாகவும் பிறகு உதவி ஆசிரியனாகவும் வேலை பார்த்தவன். பொதுக்கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கிட எங்களுக்கு ஒரு வழி உண்டு. மைதானத்தில் ஒரு கட்டத்தை மட்டும் எண்ணி, மொத்தக் கட்டங்களால் பெருக்க வேண்டும். மூச்சையும் அப்படித்தான் எண்ணினேன். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினேன். 7.10 மணிக்கு 44. 8.30 மணிக்கு 48. 9.45 மணிக்கு 40. எண்கள் நேர்த்தியாக ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன.

"எவ்ளோ?" என்றாள் மனைவி.

"நாற்பது. குறைஞ்சிருக்கு. அறுபதைத் தாண்டினாத்தான் பயப்படணும்."

"நெஞ்சுக்குக் கீழ பாருங்க. குழி விழுது."

பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே தோல் உள்ளே போய் வெளியே வந்தது. மூக்குத் துவாரங்கள் விரிந்தன. அதை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்க வேண்டும். கையில் எண் இருந்ததால் பார்க்கவில்லை.

"இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போமே."

"நீங்க பாருங்க. நான் ஆட்டோ பிடிக்கிறேன்" என்று செருப்பை மாட்டினாள்.

ஆட்டோக்காரர் பின்னால் ஒருமுறைதான் திரும்பினார். "கொயந்தைக்கு மூச்சு வாங்குதா? ரோட்டுல எல்லா பள்ளமும் எனக்குத் தெரியும் சார். நீ பாப்பாவைப் பாத்துக்கினு வா."

அவசரப் பிரிவில் ஒரு இளம் நர்ஸ் குழந்தையின் பாதத்தில் சிவப்பு விளக்கு எரியும் பட்டையைச் சுற்றினாள். ஆக்சிஜன் அளவு 86. பிறகு சட்டையை விலக்கி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுதாக எண்ணினாள். எழுபத்திரண்டு.

நான் நோட்டை நீட்டினேன். அவள் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பதினஞ்சு செகண்ட் எண்ணிப் பெருக்கினீங்களா?"

"ஆமாம்."

"குறைமாசக் குழந்தைங்க ஒரே சீரா மூச்சு விடாது சார். வேகமா விடும், கொஞ்சம் நிறுத்தும், திரும்ப வேகமா விடும். அது நிறுத்துற இடத்துல நீங்க எண்ணியிருக்கீங்க. முழு நிமிஷம் எண்ணணும்." ஆக்சிஜன் குழாயை மூக்கில் பொருத்திக்கொண்டே கேட்டாள்: "எதுக்குப் பெருக்கினீங்க?"

கட்டம் எண்ணும் முறையைச் சொன்னேன்.

"அப்போ பேப்பர்ல லட்சம் பேர்னு போடறதெல்லாம் இப்படித்தானா?"

"கிட்டத்தட்ட."

மனைவி அந்த நேரத்திலும் சிரித்தாள். அளவு 93-க்கு ஏறியிருந்தது.

மருத்துவர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. அவசரமில்லாமல் பேசினார். வைரஸ் தொற்று. நுரையீரலின் மிகச் சிறிய குழாய்கள் வீங்கிச் சளி அடைத்திருக்கிறது. பெரிய குழந்தைக்கு இது வெறும் ஜலதோஷம், இவளுக்கு அப்படியில்லை.

"ஆன்டிபயாட்டிக் போடலாமா?"

"வைரஸுக்கு அது எதுக்கு? ஆக்சிஜன் கொடுக்கணும், மூக்குச் சளியை எடுக்கணும், வயித்துக்குப் பால் போகணும். இந்த வேலையைத்தான் திரும்பத் திரும்பச் செய்யப்போறோம். மூச்சு விட்டு விட்டு அவ களைச்சுப்போயிட்டா திரும்ப வென்டிலேட்டர். அது வேணாம்னுதான் பார்க்கிறேன். இன்னும் ரெண்டு மூணு நாள்ல தெரிஞ்சிடும்."

எங்களுக்கு அந்த வாரம் முழுக்க வேறு எந்தக் கேள்வியும் இருக்கவில்லை. அவள் களைத்துப்போவாளா, மாட்டாளா.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசமானாள். வெதுவெதுப்பான காற்றை அழுத்தத்தோடு மூக்குக்குள் செலுத்தும் கருவிக்கு மாற்றினார்கள். மூச்சு வாங்கும்போது பால் குடித்தால் புரையேறும் என்று மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மூக்கில் உப்புத் தண்ணீர்ச் சொட்டு, சளி உறிஞ்சல், பிறகு பால். ஊசி இல்லாத சிரிஞ்சை மனைவி உயரத் தூக்கிப் பிடிக்க, அவள் கறந்து வைத்த பால் தானாகவே மெல்ல இறங்கும். திங்கட்கிழமைக்குள் நர்ஸ் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும் என்ற அளவுக்கு அவளுக்குக் கை பழகிவிட்டது.

நான் எண்ணினேன். இந்தமுறை முழு நிமிடம். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அதில் பதினோரு மூச்சு வேகமாக வரும், ஒரு நிறுத்தம் வரும், நாம் மூச்சைப் பிடித்துக்கொள்வோம், அவள் மறுபடி தொடங்குவாள். ஞாயிறு 74. திங்கள் 70. செவ்வாய் காலை 61, நெஞ்சுக் குழியின் ஆழமும் குறைந்திருந்தது. மருத்துவர் என் நோட்டைப் பார்க்கவில்லை. குழந்தையின் நெஞ்சைப் பார்த்தார். "திரும்பிட்டா" என்றார். புதன்கிழமை 52. அன்று மதியம் மருத்துவமனை கேன்டீனில் சாப்பிட்ட சாம்பார் சாதம் போல இன்றுவரை நான் எதையும் சாப்பிட்டதில்லை. மனைவியிடம் சொன்னால், அதில் உப்பே இல்லை என்கிறாள்.

அக்கா தினமும் பேருந்து பிடித்து வந்து, சாப்பாட்டுப் பையைக் கீழே வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மேலே வரமாட்டார். அந்தத் தும்மலைப் பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை. வந்தவர்கள் இருபத்தாறு பேர், யாரிடமிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை, அனுமதித்தவர்கள் நாங்கள் இருவர். செய்தியாக எழுதினாலும் இவ்வளவுதான் எழுத முடியும்.

வியாழக்கிழமை ஆக்சிஜனை நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை குழாயை எடுத்துவிட்டு, பாலாடையில் நாற்பது மில்லி கொடுக்கச் சொன்னார்கள். மனைவி கொடுத்தாள். விழுங்குதல், மூச்சு, விழுங்குதல், மூச்சு. இருபத்தைந்து நிமிடம் ஆனது. கடைசிச் சொட்டு உள்ளே போனதும் மகள் கொட்டாவி விட்டாள். அந்தப் பெரிய வாயைப் பார்த்து நர்ஸ் "இந்தம்மாவுக்கா மூச்சு விட முடியல?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தோம். அக்கா எங்களுக்கு முன்பே வந்து மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்தார். எங்களைக் கடந்து போகவிட்டு அங்கேயே நின்றார்.

மனைவி மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "அங்க என்ன பண்ற?"

"இல்லடி, நான் இப்படியே கிளம்பறேன். பாப்பா நல்லா இருந்தா போதும்."

"உனக்குச் சளி இருக்கா?"

"ஒரு வாரமா இல்ல. சத்தியமா இல்ல."

"அப்ப வந்து தூக்கு. எனக்குக் குளிக்கணும், முதுகு ஒடியுது."

அக்கா படியேறி நேராகக் குளியலறைக்குப் போய்க் கை கழுவினார். வெளியே வந்தபோது மனைவி அவர் விரல்களைப் பார்த்தாள்.

"மோதிரத்தைக் கழட்டிட்டுக் கழுவணும். அதுக்கு அடியிலதான் எல்லாம் தங்கும்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க."

"கல்யாணத்துக்குப் போட்டது. கழட்டினதே இல்லையேடி."

"சோப்புப் போடு, வரும்."

குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. கடைசியில் அக்கா ஈரக் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார். விரலில் வெள்ளையாக ஒரு வளையம் இருந்தது. மோதிரத்தை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "பத்திரம் தம்பி" என்று சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து மடியைச் சரிசெய்துகொண்டார்.