சலூன் சீப்பின் மேல் நான் சுமத்திய பொடுகு

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் முட்டாள். போகிற போக்கில் முட்டாளானவன் இல்லை. மூன்று வாரம் துப்பறிந்து, ஆதாரம் திரட்டி, அதை விதை போடும் சின்னக் கவரில் பத்திரப்படுத்தி, அதன் பிறகு முறைப்படி முட்டாளானவன். என் தலையில் உதிர்ந்த பொடுகுக்கு இன்னொருவர்தான் காரணம் என்று நானாக முடிவு கட்டினேன். அதோடு நிறுத்தியிருந்தால் என் முட்டாள்தனம் வீட்டோடு போயிருக்கும். ஊருக்குள்ளும் சொன்னேன். அந்த இன்னொருவர், பதினெட்டு வருடமாக எனக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தவர். உதிர்ந்தது என் தலை. அடி விழுந்தது அவர் பிழைப்பில்.

காரைக்குடியில் எனக்கு ஓர் உரக்கடை இருக்கிறது. யூரியா, பொட்டாஷ், பூச்சிமருந்து, பூஞ்சைமருந்து எல்லாம் வைத்திருக்கிறேன். சுற்றுப்பட்டு விவசாயிகள் வாடிய இலையைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். நான் மேஜை டிராயரிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெரிய டாக்டர் மாதிரி "ம்" என்பேன். அதற்குப் பிறகு நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"பக்கத்து வயல்ல என்ன போட்டிருக்காக?"

கேட்டதும் வந்தவர் முகம் மலர்ந்துவிடும். பக்கத்து வயல்காரர் மேல் ஒரு சந்தேகத்தோடுதான் அவரும் பஸ் ஏறியிருப்பார். நோய் என்பது அடுத்தவன் வரப்பைத் தாண்டித்தான் வரும் என்பதில் எனக்கும் என் வாடிக்கையாளர்களுக்கும் இதுவரை கருத்து வேறுபாடு வந்ததில்லை.

இந்த லட்சணத்தில் ஒருநாள் இளையாத்தங்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கடலை இலை கொண்டுவந்தார். நான் கண்ணாடியோடு குனிந்தேன். தலை லேசாக அரித்தது. இடது கையால் ஒரு சொறி. அவ்வளவுதான்.

"அண்ணே, இந்தா வெள்ளையா இருக்கு பாருங்க. காலையில பறிக்கையில இது இல்லையே" என்றார் அவர்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். செதில் செதிலாக, ஓரம் சுருண்டு, பார்க்கவே பயமாக இருந்தது. அடுத்த நொடி அது எந்த வயலின் விளைச்சல் என்று புரிந்துவிட்டது.

"அது தூசி" என்று ஊதிவிட்டேன்.

"காத்துல பரவுமோ?" என்று அவர் இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் என் சட்டையைக் கழற்றி வாங்கிய மனைவி, அதை வாசல் பக்கம் கொண்டுபோய் உதறினாள். "தோள்ல கோலமாவு கொட்டுன மாதிரி இருக்கு. இனிமே வெள்ளச் சட்டையாவே போடுங்க. யாருக்கும் தெரியாது."

"இது எங்க இருந்து வந்துச்சு?" என்றேன்.

"உங்க தலையில இருந்து."

இது ஒரு பதிலா? இலையில் பூச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இலையிலிருந்து என்று யாராவது சொல்வார்களா? விசாரணையை நானே கையில் எடுத்துக்கொண்டேன்.

முதல் சந்தேகம் வீட்டுச் சீப்பு. மனைவி அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து அவளுடைய சீப்பைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்ன தேடுறீக?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா கண்ணாடி?"

அவள் தலை சுத்தம். சீப்பும் சுத்தம். அடுத்தது என் மச்சானின் ஹெல்மெட். அவசரத்துக்கு இரண்டு முறை வாங்கி மாட்டியிருக்கிறேன். ஆனால் மச்சானுக்கு முன்நெற்றி பிடரி வரைக்கும் போய்விட்டது. அந்த வழவழப்பில் பொடுகு எங்கே கால் ஊன்றும் என்று யோசித்து, அவரை விடுதலை செய்தேன்.

மிச்சம் இருந்தது சலூன்.

கண்டனூர் போகும் சாலையில் இருக்கிறது அது. இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. சலூன்காரர் என்னைவிட நாலைந்து வயது இளையவர், அதிகம் பேசாதவர். போன தடவை முடி வெட்டும்போது அவர் சொன்னது எனக்கு நினைவு வந்தது: "அண்ணே, இம்புட்டு எண்ணெய் வைக்காதீக. சீப்பு வழுக்குது." அப்போது காதில் வாங்காமல் விட்டிருந்தேன். துப்பறிகிறவன் காதில் அதே பேச்சு வேறு மாதிரி விழுந்தது. இவர் எதற்காக என் தலையைப் பற்றி முந்திக்கொண்டு பேச வேண்டும்? குற்றத்தை மறைக்கப் பார்க்கிறாரோ?

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தச் சலூன் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஞாயிறுதான் அங்கே கூட்டம். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மேல் விளிம்பு வழியாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தலைகளைக் கணக்கிட்டேன். யார் சொறிகிறார், யார் சொறிய நினைத்து அடக்கிக்கொள்கிறார், யாருடைய கழுத்துத் துணியில் வெள்ளை விழுகிறது, எல்லாம் மனசில் குறித்துக்கொண்டேன். நடுவில் நானும் சொறிந்துகொண்டேன். அது கணக்கில் வரவில்லை.

இரண்டாவது ஞாயிறு அவரே கேட்டுவிட்டார். "என்னண்ணே, முடி வெட்டவும் மாட்டேங்குறீக, எந்திரிச்சுப் போகவும் மாட்டேங்குறீக?"

"பேப்பர் படிக்கிறேன் தம்பி."

"அது வெள்ளிக்கிழமைப் பேப்பரு."

மூன்றாவது ஞாயிறு வழக்கு முடிந்தது. கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சலூன்காரர் சீப்பை வைத்து இழுத்ததும் அவர் தோளில் மாவாகக் கொட்டியது. அதே சீப்பைத் துண்டில் ஒரு தட்டு தட்டி, அடுத்த ஆள் தலையில் வைத்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் தண்ணீர் பிடிக்க உள்ளே போன சமயம், சீப்புப் பல்லில் ஒட்டியிருந்ததை விதைக் கவருக்குள் தட்டிக்கொண்டேன். கடையில் வந்து, என் தலையிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. பொடுகு எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது அப்போது தோன்றவில்லை.

மறுநாள் காலை எதிர் டீக்கடையில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். "அங்குட்டுப் போறவுக கொஞ்சம் சீப்பப் பாத்துக்கங்கப்பா. எனக்கு அங்க இருந்துதான் வந்துச்சு."

டீக்கடையில் தாழ்ந்த குரலுக்குத்தான் காது அதிகம். ஒரு வாரம் கழித்து என் கடைக்கு மருந்துத் தெளிப்பான் வாங்க வந்த ஒருவர், விசை சரியாக அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார். "கண்டனூர் ரோட்டுச் சலூனுக்குப் போயிராதீகண்ணே. ஒருத்தருக்குத் தலையே புண்ணாப் போச்சாம்ல. முடியெல்லாம் கொத்துக் கொத்தா..."

"யாருக்கு?" என்றேன் பதறி.

"யாரோ உரக்கடைக்காரராம்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து கடையின் போர்டைப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார். தெளிப்பானை வாங்காமலே போய்விட்டார்.

அப்போதாவது நான் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஏசி சலூனுக்கு மாறினேன். அங்கே கண்ணாடிக் கதவு, சுழலும் நாற்காலி, ஆளுக்கொரு புதுத் துண்டு. இரண்டு மாதம் போனேன். பொடுகும் கூடவே ஏசியில் வந்து உட்கார்ந்தது. புது சலூன் சீப்பையும் சந்தேகிக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இடையில் வைத்தியமும் நடந்தது. தலை காய்ந்துபோய்த்தான் உதிர்கிறது என்பது என் கட்சி. காய்ந்த நிலத்துக்கு என்ன செய்வோம்? பாய்ச்சுவோம். தேங்காய் எண்ணெயைக் காய்ச்சிப் பொடுதலை மூலிகை இலையைப் போட்டு இறக்கி, உச்சியில் ஊற்றி ஊறவிட்டேன். சனிக்கிழமை நல்லெண்ணெய் தனிக் கணக்கு. நடுவில் ஒருநாள் எலுமிச்சைச் சாறு. சொறிந்த இடமெல்லாம் பற்றி எரிந்து, வீட்டுக்குள் ஒரு சுற்று ஓடினேன். சின்ன வெங்காயத்தை அரைத்து அப்பிக்கொண்ட நாளில் கடைக்கு வந்தவர்கள் மூக்கைச் சுளித்து, "எந்த மருந்து டப்பா கசியுதுண்ணே?" என்றார்கள். மனைவி தலையணை உறைக்கு மேல் பழைய துண்டை விரித்து, "இதுல வடை சுடலாம்" என்றாள்.

அரிப்பு கூடிக்கொண்டே போனது. புருவத்திலும் மூக்கோரத்திலும் கூடச் செதில் தட்டியது. கடைசியில் மனைவிதான் விரட்டினாள். "கண்ணாடி வச்சுப் பாத்தது போதும். கண்ணு தெரிஞ்சவுககிட்டப் போயிக் காட்டுங்க."

தோல் டாக்டர் ஒரு பெண்மணி. முடியை விலக்கிப் பார்த்த கையோடு, விரலைப் பஞ்சில் துடைத்துக்கொண்டார்.

"எண்ணெய் வைப்பீங்களா?"

"தினமும், டாக்டர். நல்லா ஊற ஊற" என்றேன் பெருமையாக.

"அதான். எல்லார் தலையிலயும் ஒரு பூஞ்சை இருக்கும். சும்மா இருக்கும். எண்ணெய்ப் பிசுக்குதான் அதுக்குச் சாப்பாடு. நீங்க தினமும் விருந்து வச்சிருக்கீங்க."

"அடுத்தவங்க சீப்புல இருந்து வந்திருக்குமா, டாக்டர்?"

"இல்லைங்க. இது அப்படி ஒட்டிக்கிற வியாதி இல்ல. உங்க தலையில இருந்ததுதான்."

மனைவி மூன்று மாதத்துக்கு முன் இலவசமாகச் சொன்னது. டாக்டர் சீட்டு எழுத ஆரம்பித்தார். "என்ன வேலை பாக்குறீங்க?"

"வியாபாரம்."

"என்ன வியாபாரம்?"

"உரம்... மருந்து."

"என்ன மருந்து?"

"பூஞ்சைமருந்து" என்றேன் மேஜையைப் பார்த்து.

பேனா நின்றது. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தபோது, டாக்டர் தொழிலும் லேசானதில்லை என்று புரிந்தது. "கடையில இருக்கிறதை எடுத்துத் தலையில அடிச்சிராதீங்க" என்று மட்டும் சொன்னார். மருந்து ஷாம்பூ எழுதிக் கொடுத்தார். வாரம் இரண்டு தடவை, நுரையை உடனே கழுவாமல் ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். நகத்தால் சொறியக் கூடாது. எண்ணெயை நிறுத்த வேண்டும். "அடங்கும். ஆனா ஒரேயடியாப் போயிடாது. விட்டா மறுபடி தலைகாட்டும். அப்பப்ப கவனிச்சுக்கணும்" என்றார்.

அந்த ஐந்து நிமிடம் இருக்கிறதே, அதுதான் கொடுமை. கண்ணை மூடிக்கொண்டு, நுரைத் தலையோடு, குளியலறை முக்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு வேலை இல்லை. எண்ணெயைக் குறைக்கச் சொன்ன ஒரே ஆள் சலூன்காரர் என்பது அந்த முக்காலியில்தான் உறைத்தது. டாக்டர் சொன்னதை அவர் பத்து வார்த்தைக்குள் சொல்லி முடித்திருந்தார். அதைத்தான் நான் குற்றவாளியின் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன்.

நாலு வாரத்தில் தோள் சுத்தமானது. அரிப்பு நின்றது. இலையின் மேல் தைரியமாகக் குனிந்தேன். ஆனால் கண்டனூர் சாலையில் போகும்போது மட்டும் வண்டியை வேகமாக விரட்டினேன். ஒரு ஞாயிறு, விரட்டியும் கண்ணில் பட்டுவிட்டது. காலை பத்து மணி. பெஞ்சு காலி. இரண்டு நாற்காலியில் ஒன்றில் சலூன்காரரே உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

புதன்கிழமை போனேன். உள்ளே ஆளில்லை. கண்ணாடிக்கு முன்னால் ஒரு புது ஜாடி. அதில் மருந்துத் தண்ணீருக்குள் ஆறேழு சீப்பு நின்றுகொண்டிருந்தன. கண்ணாடியில் கையால் எழுதி ஒட்டிய காகிதம்: 'ஒவ்வொருவருக்கும் கழுவிய சீப்பு.' எழுத்து கோணலாக இருந்தது. வழக்கமான "வாங்கண்ணே" வரவில்லை. ஒரு சீப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டு நின்றார்.

எதிர் டீக்கடையில் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று கதவை ஒட்டி உள்ளே தள்ளி நின்றுகொண்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, டாக்டர் சொன்னதெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பூஞ்சை, பிசுக்கு, விருந்து, ஐந்து நிமிட நுரை எல்லாம். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"சீப்புல ஒண்ணுமே இல்ல, தம்பி. நானா ஒரு முடிவு கட்டி, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம பேசிட்டேன். தப்பு என் மேலதான். மனசுல வச்சுக்கிராதீக" என்றேன், மெதுவாக.

அவர் சீப்பை ஜாடிக்குள் போட்டார். என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலாகச் சாலையைத் தாண்டிப் பார்த்தார்.

"இத டீக்கடையில போயிச் சொல்லுங்க."