ஜனவரியில் மீன் நிற்கும் இடம்

என் கொழுந்தன் வெர்லன் வாயைத் திறந்தால் புள்ளி பாஸ் மீன்தான். எங்கள் அலபாமா ஏரியில் அவன் அளவுக்கு அதைப் பிடித்தவர் கிடையாது. வசந்தத்தில் சரளைக் கரையில் முட்டையிடும். கோடையில், அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் உச்சியில் நிற்கும். இலையுதிர்காலத்தில் பொடிமீன்களை மேலே துரத்தும். ஜனவரியில் ஐம்பது அடிக்கு இறங்கி, அங்கே எது கிடந்தாலும் அதை ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் யார் கேட்டாலும் சொல்வான். பிடிக்கிற இடத்தை மட்டும் பெற்ற தாய்க்கும் சொல்லமாட்டான். எங்கள் ஊரில் எவனும் சொல்வதில்லை.

என் கணவர் ஓடெல் ஆறு வருடங்களுக்கு முன் தன் பிக்கப் வண்டியோடு காணாமல் போனார். எவளுடனோ டென்னசிக்கு ஓடிவிட்டார் என்று ஊரே முடிவுகட்டியது. சர்ச்சில் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துவார்கள். செத்தாரா, என்னை விட்டுப் போனாரா என்று தெரியாமல் நான் வெந்துகொண்டிருந்தேன்.

போன ஜனவரியில் ஒரு நண்பகல், நச்சரித்து வெர்லனின் படகில் ஏறினேன். பழைய சாலை தண்ணீருக்குள் இறங்குகிற இடத்துக்கு நேரே, கரையிலிருந்து தள்ளி ஆழத்தில் நிறுத்தினான். தண்ணீருக்கு அடியில் இருப்பதைப் படமாகக் காட்டும் திரை ஒன்று அவன் பக்கமாகத் திரும்பியிருந்தது. காற்று அசையவில்லை. தூண்டில் நூலின் அடியில் ஈயக்குண்டு, அதற்குச் சற்று மேலே ரப்பர் புழு. நேராக இறக்கினான். உடனே மீன். மறுபடியும் மீன்.

ஓடெலும் நானும் அங்கே தூண்டில் போட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறோம். வெறும் களிமண் தரை அது.

“இங்க ஒரு மரம்கூட இல்லையே வெர்லன். எதை ஒட்டி நிக்குது?”

“குளுருதா அண்ணி? கிளம்பலாமா?”

“பேச்ச மாத்தாத. அந்தத் திரையை இப்படித் திருப்பு.”

திருப்பினான். அடியில் ஒரு வண்டி. அதன் கூரைமேல், ஓடெல் தன் கையால் பற்றவைத்த ஏணி வைக்கும் கோணல் சட்டம். ஜன்னல் வழியாக மீன்கள் உள்ளே போய் வந்துகொண்டிருந்தன.

“எப்பலேருந்து தெரியும்?”

“இந்தத் திரை வாங்குனதுலேருந்து. ரெண்டு வருஷம்.”

“ஏண்டா பாவி சொல்லல?”

“சொன்னா வண்டியத் தூக்கிடுவாங்க அண்ணி.” தலையைக் குனிந்துகொண்டான். “இந்த மாதிரி இடம் எனக்கு அமைஞ்சதே இல்ல.”

இரண்டு ஜனவரியாக அவன் கொண்டுவந்து கொடுத்த மீனைச் சோளமாவில் புரட்டிப் பொரித்துத் தின்றிருக்கிறேன். அவனையும் அதே தண்ணீரில் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

ஆனால் அதையெல்லாம் முந்திக்கொண்டு வந்தது சந்தோஷம். அவர் என்னை விட்டு ஓடவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். வெர்லன் பயந்துபோய்த் தூண்டிலைச் சுருட்டத் தொடங்கினான்.