கடைசி வயலில் கணுக்கால் தண்ணீர்

எங்கள் வாய்க்காலில் கடைசி வயல் அண்ணனுடையது. அதற்கு முந்தியது என்னுடையது. மேட்டூர் திறந்து தண்ணீர் ஊருக்குள் வந்தாலும், எங்கள் இருவர் வயலுக்கும் வருவது மற்றவர்கள் நட்டு முடித்த பிறகுதான். சில வருடங்களில் அதுவும் இல்லை.

வீட்டுக்கு ஒருவராகச் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய்க்கொண்டிருந்த காலம். அண்ணனும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். “இந்த வருசம் தண்ணி வந்தா இருக்கேன். வரலைன்னா போறேன்” என்று அண்ணியிடம் சொல்லிவிட்டார். அண்ணி அதை என்னிடம் சொல்லி அழுதார். எனக்குப் பேச வராது. ஐந்தாவதோடு நின்ற படிப்பு. கூட்டம் என்றால் தூண் ஓரமாக நிற்பேன். எனக்கும் சேர்த்து அண்ணன்தான் பேசுவார்.

அந்தக் கோடையில்தான் எல்லோரும் சேர்ந்து வாய்க்கால் சங்கம் தொடங்கினோம். துபாயிலிருந்து திரும்பி வந்து மளிகைக் கடை வைத்திருந்த பாய் தலைவர். வாய்க்காலின் நடுவில் அவருக்கும் நிலம் உண்டு.

“அங்கல்லாம் வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டார்கெட் சொல்லிருவாங்க” என்றார் பாய். “நமக்கும் ஒண்ணு வேணும். தண்ணி வர்றதுக்குள்ள வாய்க்கால தூர் வாரி நல்லா வெட்டிடணும். சரிதானங்க?”

“நல்லான்னா எப்புடி பாய்?” என்றார் அண்ணன். “எது நடந்தா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்? கடைசி வயல்ல கணுக்கால் தண்ணி நிக்கணும். அதை டார்கெட்டா வைங்க.”

“கடைசி வயல் யாருதுப்பா?” என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அண்ணன் உட்பட. பாய் மட்டும் தலையாட்டி, அப்படியே வைத்துக்கொள்வோம் என்றார்.

“அப்பன்னா கடைசிலேர்ந்து வெட்டிக்கிட்டு மேல வருவோம்” என்றார் அண்ணன்.

வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் நிலம் வைத்திருந்தவர் எங்களுக்கு மாமா முறை. “புள்ளைக்குக் காலுலேர்ந்தா எண்ணெ வெப்பாங்க மாப்ள?” என்றார். தலைமடையில் தேங்காய் உடைத்து அங்கேதான் முதல் மண்வெட்டி போடுவது வழக்கம். தண்ணீர் வரும் பக்கத்திலிருந்துதான் வெட்ட வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“அவங்கவங்க வயலத் தாண்டிட்டா அப்புறம் வர மாட்டாங்க மாமா.”

“எங்கள நம்பலைங்கிற.”

உறவுக்காரர் அப்படிக் கேட்டுவிட்ட பிறகு அண்ணனால் மேலே பேச முடியவில்லை.

தலைமடையில் தேங்காய் உடைந்தது. முதலில் வாய்க்கால் நிறைய ஆட்கள். வேலை ஒவ்வொரு வயலாகத் தாண்டத் தாண்ட ஆட்கள் குறைந்தார்கள். வர மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு விசாவுக்கு மெடிக்கல், மாமாவுக்கு இடுப்புவலி. தன் நிலம் தாண்டியும் வந்தவர் பாய் ஒருவர்தான். கடைசியில் அவரும் நாங்கள் இரண்டு பேருமாகக் வாய்க்காலை அடைத்திருந்த காட்டாமணக்குப் புதரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது தண்ணீர் வந்துவிட்டது.

நுரையும் சருகுமாக வந்தது. என் வயலுக்கு எட்டுவதற்கு முன்பே புதருக்குள் பரவி நின்றுவிட்டது. அண்ணன் அதற்கு எதிரே காய்ந்த வாய்க்காலில் நெடுநேரம் நின்றார். பிறகு மண்வெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஐப்பசி மழைக்கு முன்பே சிங்கப்பூர் போய்விட்டார்.

மறுவருடக் கூட்டத்தில் பாய், “கடைசிலேர்ந்து” என்று மட்டும் சொன்னார். யாரும் எதிர்க்கவில்லை. மாமாவே தேங்காயைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வயல் வரைக்கும் நடந்து வந்து உடைத்தார். அவரவர் வயல் இனிமேல்தான் வரும் என்பதால் யாரும் பாதியில் நின்றுவிடவில்லை. தண்ணீர் வருவதற்குள் வேலை முடிந்தது.

அண்ணன் வயலைப் பயிர் செய்ய என்னால் ஆகவில்லை. என் நடவுக்கே ஆள் கிடைக்காத நிலை. அவர் வயலில் கோரைப்புல் மண்டியிருந்தது. தண்ணீர் என் வயலைக் கடந்து போய் அந்தக் கோரைக்குள் நின்றது.

சிங்கப்பூரிலிருந்து அண்ணன், பாய் கடைக்குப் போன் செய்து என்னைக் கூப்பிட்டார்.

“தண்ணி வந்துச்சாடா?”

“வந்துச்சுண்ணே.”

“எம்புட்டு?”

“கணுக்கால் இருக்கும்.”

“என் வயல் மடைய அடைச்சிடு. கோரைக்கு எதுக்குத் தண்ணி. உன் வயலுக்குத் திருப்பிக்க” என்றார்.

போய் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தேன். வெட்டியது அவருடைய மண்வெட்டியால். உள்ளே நின்ற தண்ணீர் வற்றுகிற வரைக்கும் நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்தேன்.