பின்வாசல் வழி

சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் இருந்தவரை, முடிந்துபோகும் தெரு என்று ஒன்றை நான் கண்டதில்லை. எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒருவரின் அடுப்பைத் தாண்டி, இன்னொருவரின் துணிக்கொடிக்குக் குனிந்து, சந்தைக்கோ ரயில் நிலையத்துக்கோ வந்துவிடலாம். "கொஞ்சம் வழி உடுக்கா" என்றால் போதும்.

நகரத்தின் தெற்கு விளிம்பில் எங்களுக்கு அடுக்குமாடி வீடு ஒதுக்கியபோது நான் ஏழாம் வகுப்பு. என் பள்ளி சைதாப்பேட்டையில். அம்மா பத்தாண்டுகளாகச் சமைத்துவந்த வீடு மயிலாப்பூரில். இருவருக்கும் ஒரே பேருந்து. நிறுத்தம் எங்கள் மாடியிலிருந்தே தெரியும். ஆனால் இடையில் மதில் சூழ்ந்த பங்களாக் குடியிருப்பு ஒன்று. அதைச் சுற்றி நடக்க அரை மணி நேரம். அடுத்த வாரமும் பிந்தினால் மாற்றுச் சான்றிதழ்தான் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு குடியிருப்பின் வாசலுக்குள் நேராக நடந்தாள். தெரு என்றால் மறுபக்கம் வெளியே வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. காவலாளி ஓடிவந்தார்.

"எங்கம்மா போய்க்கினே கீறே?"

"பஸ்ஸுக்கு நைனா. அந்தாண்ட பின்கேட்டு கீதுல்ல?"

"கீது. இங்க வேலை செய்றவங்களுக்கு மட்டும்தான். பாஸ் வேணும்."

"ரோட்ட போட்டுட்டு அதுக்குப் பூட்டும் போட்டுக்கிறீங்களே, இன்னா நைனா இது."

அவர் சிரித்தார், விடவில்லை. சுற்றி ஓடினோம், பேருந்து போய்விட்டது. என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அம்மா மட்டும் திரும்பிப்போய் அவரிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்ததை மாடியிலிருந்து பார்த்தேன்.

திங்கட்கிழமை அதே காவலாளி கதவைத் திறந்துவிட்டார். அம்மாவின் கழுத்தில் புதிய அட்டை ஒன்று தொங்கியது. ஐந்தே நிமிடத்தில் பின்வாசல், எதிரே பேருந்து. அந்த ஆண்டு முழுவதும் நான் பிந்தவில்லை. மதிலையே பேசி வென்றவள் என் அம்மா என்று வகுப்பில் சொல்லித் திரிந்தேன்.

வளரும் நகரங்களில் தெருக்கள் எங்கே இணைகின்றன, எங்கே அறுபடுகின்றன என்று ஆராய்வதே இன்று என் வேலை. வரைபடத்தில் அந்தப் பின்வாசல் ஒரு சிறு கோடு. அதன் விலை அதில் தெரியாது. மயிலாப்பூர் வீட்டிலிருந்து அம்மா வெள்ளிதோறும் கொண்டுவரும் சுண்டல் டப்பா அந்த வாரத்தோடு நின்றது. கேட்டதற்கு, "அவங்க ஊருக்குப் போய்க்கீறாங்க" என்றாள், நம்பினேன். என்னை ஏற்றிவிட்டபின் அவள் ஏன் அதே பேருந்தில் ஏறாமல், அந்தப் பின்வாசலுக்குள்ளேயே திரும்பி நடந்தாள் என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.